ஆப் நின்றுபோன நான்கு நாள்: ப்ளே ஸ்கூல் நடத்தும் வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டு கிளைகளோடு ப்ளே ஸ்கூல் நடத்தும் ஒரு வாசகி எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இரண்டரை வயதிலிருந்து ஐந்தரை வயது வரை 140 பிள்ளைகள், 14 ஆசிரியைகள், ஐந்து ஆயாக்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஆப் நிறுவனத்தோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டிருக்கிறார். பிள்ளைக்கு வருடம் 1,450 ரூபாய். ஜூன் மாதமே முழு வருடப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். வருகைப்பதிவு, தினசரி டைரி, போட்டோ, கட்டண ரசீது, பிள்ளையை அழைத்துப்போக வருபவருக்கு ஓ.டி.பி., வகுப்பறை டிவியில் ஓடும் பாட்டு, பாடம் என்று எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. பழைய அட்மிஷன் படிவங்களை இடமில்லை என்று போன கோடையில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள்.

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஆப் திறக்கவில்லை. வியாழன் மாலைதான் திரும்ப வந்தது. இடையில் பெற்றோர் எண்கள் கையில் இல்லை. ஒரு பிள்ளையின் தாத்தா வாசலில் 50 நிமிடம் காத்திருந்தார். டிவி ஓடாததால் புது ஆசிரியைகள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திணறினார்கள். விவரங்களை மறுபடி சேகரிக்க, வாசகியிடம் இருந்த ஒரு பழைய எக்செல் பட்டியலைப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு 'திருத்தி அனுப்புங்கள்' என்று கேட்டிருக்கிறார். ஆப் திரும்ப வந்த கொஞ்ச நாளில் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது: 60 நாளில் சேவையை நிறுத்துகிறோம், உங்கள் தரவை எடுத்துத் தர 45,000 ரூபாய். அதில் 19 நாள் போய்விட்டது.

அவர் கேட்பது: நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்க முடியுமா? பெற்றோர் கேட்கும் 'டிஜிட்டல் கட்டணத்தை'த் திருப்பித் தர வேண்டுமா? அடுத்த முறை இப்படி நடந்தால் தினம் இரண்டு மணி நேரம் ஜூம் வகுப்பு வைத்துச் சமாளிக்கலாமா? ஏதாவது நின்றுபோனாலும் பள்ளி வேலை தடையின்றி நடக்க 60 பக்கத்தில் ஒரு 'தொடர்செயல்பாட்டுத் திட்டம்' எழுதித் தர ஒரு ஆலோசகர் 1,80,000 ரூபாய் கேட்கிறாரே, கொடுக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் ஏழாவது பக்கத்தில் நான்கே வரியில் எழுதிவிட்டு நகர்ந்த ஒரு சம்பவத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை மதியம் 12.15-க்கு, பெற்றோர் பிரிந்து வாழும் ஒரு பெண் பிள்ளையை அழைத்துப்போக அவளுடைய அத்தை வந்தார். ஓ.டி.பி. வராது. அம்மாவின் எண் ஆப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அத்தை பிள்ளையை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பிள்ளையும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமான ஆயா அனுப்பிவிட்டார். பத்து நிமிடம் கழித்து அம்மா வந்து நின்றார். பிள்ளை அன்று இரவு பத்திரமாகத் திரும்பி வந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மா போலீஸுக்குப் போவேன் என்று சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளில் இது இல்லை. ஆனால் உங்கள் பள்ளிக்கு ஒரு திட்டம் வேண்டும் என்றால் அது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நான்கு நாள் டிவி ஓடாவிட்டால் மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்த நஷ்டமும் இல்லை. யாரிடம் ஒப்படைப்பது என்று நான்கு நிமிடம் தெரியாமல் போனால் நஷ்டம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆப் நிறுவனத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த வாசலில் நடந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியது பள்ளிதான்.

முதல் வேலையாக அந்த அம்மாவை நேரில் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம், ஆசிரியையை அனுப்பவும் வேண்டாம். நடந்ததை நேரம் போட்டு ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எழுதிக் கொடுத்தால் அதுவே நமக்கு எதிரான சாட்சியாகிவிடுமே என்ற பயம் உங்களுக்கு வரும். நடந்ததை மறைத்த பள்ளியைத்தான் பெற்றோரும் சரி, நீதிமன்றமும் சரி, கடுமையாகப் பார்க்கிறார்கள். ஆயாவை வேலையை விட்டு அனுப்பலாமா என்றும் யோசிப்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். 'எண் கிடைக்காவிட்டால் என்ன செய்வது' என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த இடத்தில் ஒரு சட்ட விவரம். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-இன் 6-ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதை வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நீங்களோ ஆசிரியையோ யாருக்கு உரிமை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். உத்தரவு இல்லையென்றால், பிள்ளையைச் சேர்த்தவர் எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியலில் இருப்பவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். தகராறு வந்தால் பிள்ளையைப் பள்ளிக்குள்ளேயே வைத்துக்கொண்டு இரண்டு தரப்புக்கும் போன் செய்யுங்கள். இதற்கெல்லாம் அந்த எண் காகிதத்தில் இருந்தாக வேண்டும்.

மீதி 41 நாளில் தரவை வெளியே எடுங்கள்

வழக்கைப் பிறகு பார்க்கலாம். தரவு போனால் திரும்ப வராது.

ஆப் இப்போது திறக்கிறது, நிர்வாகக் கணக்கில் உள்ளே போக முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 45,000 ரூபாய்க்காகக் காத்திருக்க வேண்டாம். 140 பிள்ளைகள், 14 ஆசிரியைகள். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் விவரத்தைத் திரையைப் பார்த்து அட்டையில் எழுதப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்ட பிறகு ஒரே மதியத்தில் முடிந்துவிடும். அப்புறம் அலுவலகத்தில் ஒருவர் கட்டண விவரத்தை மாதவாரியாகத் தரவிறக்கட்டும். தரவிறக்கும் வசதி இல்லாவிட்டால் திரையைப் படம் பிடித்து வைக்கட்டும். போட்டோக்களைப் பெற்றோர் தங்கள் ஆப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், கடைசித் தேதியை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

கூடவே நிறுவனத்துக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'பிள்ளைகளின் தகவலைப் பள்ளியின் சார்பில் நீங்கள் வைத்திருக்கிறீர்கள். அதை எக்செல் வடிவில் இந்தத் தேதிக்குள் கட்டணமின்றித் தர வேண்டும். நாங்கள் சரிபார்த்து எழுத்தில் சொன்ன பிறகு உங்களிடம் உள்ள எல்லாப் பிரதியையும் அழித்து, அழித்ததற்கு எழுத்தில் உறுதி தர வேண்டும்.' இந்த மூன்றும் இருந்தால் போதும். மறுத்தால், தேவையான பகுதிக்கு மட்டும் பணம் கட்டுங்கள். 'எதிர்ப்பைப் பதிவு செய்து, என் உரிமைகளுக்குப் பாதகமின்றிச் செலுத்துகிறேன்' என்று எழுதிவிட்டே கட்டுங்கள். பின்னால் திரும்பக் கேட்க வழி இருக்கும்.

உங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பெங்களூரில் நடுவர் மன்றம் என்று போட்டிருக்கிறது, அதாவது தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் ஒரு நடுவர் விசாரித்து முடிவு சொல்வார். நடுவர் நியமிக்கப்படும் முன்பே தரவை அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லி நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்க, 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதற்கு ஆகும் செலவு 45,000-ஐத் தாண்டிவிடும். கையால் எழுதி எடுக்க முடிகிற நிலையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நஷ்ட ஈடு என்ற எதிர்பார்ப்பு

'99.9 சதவீதம் இயங்கும் என்று கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள், அதை மீறிவிட்டார்கள், ஆகவே லட்சக்கணக்கில் கேட்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மீறினார்கள் என்பதில் சந்தேகமில்லை. 99.9 சதவீதம் என்றால் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம்தான் நிற்கலாம். உங்களுக்கு மூன்றரை நாள் நின்றது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 14-ஆவது பிரிவைப் பாருங்கள். எந்தக் குறை நேர்ந்தாலும் பொறுப்பு ஒரு மாதக் கட்டணத்துக்கு மேல் போகாது என்கிறது. 140 பிள்ளைகளுக்கு வருடம் 2,03,000 ரூபாய். ஒரு மாதத்துக்குச் சுமார் 17,000. அந்த வரம்பை எதிர்த்து வாதாடலாம்தான். அப்போதும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, மீறலால் நேரடியாக விளைந்த நஷ்டத்துக்கே ஈடு தருகிறது. சுற்றி வளைத்து வரும் நஷ்டத்துக்கு இல்லை. 'இதனால் அடுத்த வருட அட்மிஷன் குறையும்' என்பதை நிரூபிப்பது கடினம்.

உறுதியாகக் கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது. மே வரைக்கும் பணம் வாங்கிவிட்டு நடுவில் நிறுத்துகிறார்கள். தராத மாதங்களுக்கான பணம், ஏறக்குறைய 1,00,000 ரூபாய், உங்களுடையது. அதற்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். நிறுவனத்தை மூடும் நிலையில் இருப்பவர்கள் கணக்கை முடித்துக்கொள்ள விரும்பினால் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். அதற்கு மேல் வருடக்கணக்கில் அலைவது உங்களுக்கு லாபமாக இருக்காது.

உங்கள் மைத்துனர் சொன்ன 'திவால் வழக்கு' உங்களால் போட முடியாது. 2020 மார்ச்சில் அதற்கு வேண்டிய குறைந்தபட்சக் கடன் பாக்கி ஒரு கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டுவிட்டது. வேறு யாராவது போட்டு அந்த நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போனால், தனி வழக்குகள் எல்லாம் நிறுத்தி வைக்கப்படும். பொது அறிவிப்பில் சொல்லும் தேதிக்குள் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். பெரிய பெயராகப் பார்த்து வாங்கினால் இந்தப் பிரச்சினை வராது என்றும் நினைக்காதீர்கள். நாடு முழுக்கத் தெரிந்த பைஜூஸே 2024 ஜூலையில் தீர்ப்பாயத்தால் திவால் நடைமுறைக்குள் கொண்டுவரப்பட்டது.

'தரவு அவர்கள் பொறுப்பு' என்பது தவறு

கடிதத்தில் மூன்று இடத்தில் இதை எழுதியிருக்கிறீர்கள். 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதற்காகப் பிள்ளையின் தகவலை வாங்குகிறோம் என்று முடிவு செய்பவர் பள்ளி. ஆப் நிறுவனம் பள்ளிக்காக அதைக் கையாளும் ஒப்பந்தக்காரர். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பெற்றோருக்கும் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியது பள்ளியே என்கிறது 8-ஆம் பிரிவு. பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 9-ஆம் பிரிவு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்களைப் போன்ற சிறு பள்ளிக்கு அந்த எண் விதிக்கப்படும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சட்டம் இதை எந்த அளவுக்குப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்று நீங்கள் அறிய வேண்டும்.

2025 செப்டம்பரில் லண்டனில் நடந்ததைக் கேளுங்கள். கிடோ என்ற மழலையர் பள்ளிக் குழுமத்துக்கு அங்கே 18 கிளைகள். சுமார் 8,000 பிள்ளைகளின் பெயர், படம், முகவரியைத் திருடிய ஒரு கும்பல், சில பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் போட்டு மிரட்டியது, பெற்றோருக்கே போன் செய்தது. பள்ளிகள் பயன்படுத்திய மென்பொருளின் நிறுவனம், தங்கள் அமைப்பு உடைக்கப்படவில்லை என்றது. யார் பக்கம் ஓட்டை என்பது பிறகு தெரியும் விஷயம். பெற்றோர் அன்று திரும்பிப் பார்த்தது தாங்கள் பிள்ளையை விட்டுவிட்டு வந்த பள்ளியைத்தான்.

இப்போது உங்கள் வாட்ஸ்அப் விஷயம். நல்ல எண்ணத்தில் செய்தீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் 140 வீட்டின் முகவரி, எந்தப் பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை, எந்தப் பிள்ளை எந்தப் பெற்றோரோடு இருக்கிறது என்ற பட்டியல் இப்போது 200-க்கும் மேற்பட்ட போன்களில் இருக்கிறது. பிரிந்து வாழும் அந்த அப்பாவும் குழுவில் இருக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? 'அனைவருக்கும் அழி' வசதிக்கான அவகாசம் ஏறக்குறைய இரண்டரை நாள்தான், அது தாண்டிவிட்டது. இன்றே குழுவில் எழுதுங்கள்: தவறுதலாகப் பகிர்ந்துவிட்டோம், தயவுசெய்து அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், உங்கள் பிள்ளையின் எந்தெந்த விவரம் அதில் இருந்தது என்பதைத் தனியாக எழுதி அனுப்புகிறோம். பழைய படிவங்களையும் இனிமேல் எடைக்குப் போடாதீர்கள்; கிழித்து அழியுங்கள்.

திட்டம் எழுத 60 பக்கம் வேண்டாம்

தொடர்செயல்பாட்டுக்கென்று ஐ.எஸ்.ஓ. 22301 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. வங்கியும் மருத்துவமனையும் அதைப் பின்பற்றட்டும். அதன் அடிப்படைக் கேள்வி மட்டும் உங்களுக்குப் போதும்: இந்த வேலை எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும்? ஆசிரியைகளைக் கூட்டி உட்கார்ந்து இதை ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். என் கணக்கு இது.

ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாதவை: யாரிடம் ஒப்படைப்பது, யாருக்கு என்ன ஒவ்வாமை, யாருக்கு என்ன மருந்து. பெற்றோர் எண் கால் மணி நேரத்துக்குள் கையில் இருக்க வேண்டும். வருகைப்பதிவு காலை 9.30-க்குள் காகிதத்தில் இருக்க வேண்டும், ஆப் ஓடுகிற நாளிலும்தான். தீ பிடித்து வெளியே ஓடினால் ஆசிரியை எதை வைத்துத் தலை எண்ணுவார்? 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலத்தில் பள்ளி நடத்துகிறோம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. கட்டண ரசீது ஒரு வாரம் தாமதமாகலாம். டைரியும் போட்டோவும் ஒரு மாதம் இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை. டிவிப் பாடம் வருடம் முழுக்க இல்லாவிட்டாலும் பிள்ளை வளரும்.

நீங்கள் பணம் கொட்டிய வரிசை இதற்கு நேர்மாறாக இருந்தது. டிவிக்கு அதிகம், ஒப்படைக்கும் முறைக்கு ஒரு ஓ.டி.பி. மட்டும்.

*அட்டைப் பெட்டி.* பிள்ளைக்கு ஒரு கெட்டி அட்டை. மேலே பிள்ளையின் போட்டோ. அழைத்துப்போக அனுமதி உள்ளவர்கள் மூன்று பேர், அவர்களின் போட்டோவோடு. இரண்டு எண்கள், இரண்டும் வேறு வேறு நிறுவனத்து சிம்மாக இருந்தால் நல்லது. ஒவ்வாமை சிவப்பு மையில். பெற்றோர் கையெழுத்து, தேதி. எல்லா அட்டையையும் பூட்டுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, வாசலுக்குப் பக்கத்து அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். கீழ்த் தட்டு வேண்டாம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாவி தலைமை ஆசிரியையிடம் ஒன்று, ஆயாவிடம் ஒன்று. ஜூனில் ஒரு முறை, பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு முறை புதுப்பியுங்கள்.

வாசல் விதி ஒரே வரிதான்: அட்டையில் இல்லாத முகத்துக்குப் பிள்ளை இல்லை. வீட்டுப் பெயர் தெரிந்தாலும், பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாலும், வந்தவர் கோபப்பட்டாலும். காத்திருக்க ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போன் செய்யுங்கள். ஆயாவுக்கு இதைச் சொன்னால் மட்டும் போதாது, இரண்டு பேரை வரவைத்து நடித்துப் பாருங்கள்.

*பிரதி.* கிளவுடில் இருக்கிறது, ஆகவே பேக்கப் வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னதை நம்பிவிட்டீர்கள். கிளவுட் என்பது வேறொருவருடைய கணினி. மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது தகவல் தொழில்நுட்பக்காரர்களின் பழைய விதி. உங்களுக்கு அது இப்படி அமையும்: ஆப்பில் ஒன்று, வெள்ளிக்கிழமைதோறும் தரவிறக்கிக் கடவுச்சொல் போட்ட பென் டிரைவில் ஒன்று, அட்டைப் பெட்டி ஒன்று. ஒரு கிளையின் பென் டிரைவ் இன்னொரு கிளையில் இருக்கட்டும்.

*மின்சாரமும் இணையமும்.* ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது, சில ஆயிரம் ரூபாய்க்குள். ஃபைபர் ஒரு நிறுவனம் என்றால் மாற்று சிம் வேறொரு நிறுவனமாக இருக்கட்டும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் கரண்ட்டும் போய், செல்போன் கோபுரங்களும் அடங்கிப்போனதை நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி நாளில் எந்த மாற்று சிம்மும் உதவாது. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, ஐதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். வெற்று அட்டையும் பேனாவும் கையில் இருந்தன, பயணிகள் விமானம் ஏறினார்கள்.

*ஆப் இல்லாத நாள்.* மாதத்தில் ஒரு நாள், முன்னறிவிப்பில்லாமல் காலையிலேயே டிவி, டேப்லெட், ஆப் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். புது ஆசிரியைகள் திணறியதாக எழுதினீர்களே, அதுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்கு இரண்டாவது பெரிய கவலை. சர்வர் திரும்ப வந்துவிடும். பிள்ளையைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்லும் பழக்கம் போனால் அவ்வளவு எளிதில் வராது. ஒரு பெட்டியில் புளியங்கொட்டை, களிமண், துணிப் பொம்மை, பெரிய எழுத்துப் படக்கதைகள், இரண்டு கஞ்சிரா. ஒரு பக்கத்தில் கை எழுத்தில் அன்றைய நேர அட்டவணை. மூன்று முதல் எட்டு வயதுக்கென்று மத்திய அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட 'ஜாதுயி பிட்டாரா' தொகுப்பே பொம்மையும் புதிரும் கதையுமாகத்தான் இருக்கிறது. உங்கள் மூத்த ஆசிரியைகள் இருவர் பழைய ஆட்கள் என்றீர்கள். மற்றவர்களுக்குப் பயிற்சி தர வெளியாள் தேவையில்லை.

ஜூம் வகுப்பு

தினம் இரண்டு மணி நேரம் என்பது வேண்டவே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் எல்லாத் திரையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதுவும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. 2020-இல் கொரோனா உச்சத்தில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) ஆன்லைன் வகுப்புகளுக்காக வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதலும், மழலையர் வகுப்புக்கு நாளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றது. அந்த 30 நிமிடமும் பெற்றோரோடு பேசி வழிகாட்ட. மழை விடுமுறையில் ஒரு பாட்டு, ஒரு கதை, வீட்டில் இருக்கும் பொருளை வைத்து ஒரு விளையாட்டு என்று இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள். ஆசிரியையின் குரலைக் கேட்டாலே பிள்ளை சிரிக்கும்.

பெற்றோர் கேட்கும் பணம்

பிள்ளைக்கு 3,000 ரூபாய் 'டிஜிட்டல் கட்டணம்' என்று தனியாக வாங்கியிருக்கிறீர்கள். ஆப் ஒரேயடியாக நின்ற பிறகான மாதங்களுக்குரிய பங்கைத் திருப்பித் தருவதுதான் சரி. 2021 மே 3-இல் ராஜஸ்தான் பள்ளிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், கொரோனா வருடத்தில் தராத வசதிகளுக்காக ஆண்டுக் கட்டணத்தில் 15 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது. அது வேறு சூழ்நிலையில் வந்த தீர்ப்பு, உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. என்றாலும் தராத வசதிக்குப் பணம் வைத்துக்கொள்ள முடியாது என்ற எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது. கல்வி என்பது நுகர்வோர் சட்டத்தில் 'சேவை' ஆகுமா என்பதில் மாறுபட்ட தீர்ப்புகள் உண்டு; அந்த வாதத்தின் பின்னால் போய் நிற்காதீர்கள். ரொக்கமாகத் தரக் கையிருப்பு இல்லையென்றால் அடுத்த பருவக் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் கொடுங்கள். வெளியேறும் பிள்ளைக்கு மட்டும் ரொக்கம்.

அடுத்த ஆப் வாங்குவதற்கு முன்

இந்த வருடம் வாங்காதீர்கள். அட்டையிலும் நோட்டிலும் ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள், எது உண்மையில் தேவை என்று தெரிந்துவிடும். பிறகு வாங்கினால், விற்பனையாளர் முன்னாலேயே டேப்லெட்டை ஏரோப்ளேன் மோடில் போட்டு, 'இப்போது வருகைப்பதிவு போடுங்கள், இந்தப் பிள்ளையின் அம்மா எண்ணைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை சில. வருடப் பணம் முன்கூட்டியே வேண்டாம், காலாண்டுக்கு ஒரு முறை போதும். எல்லாத் தரவையும் எந்த நேரமும் எங்கள் கையாலேயே கட்டணமின்றித் தரவிறக்கும் வசதி வேண்டும். நிறுத்துவதென்றால் கல்வியாண்டின் நடுவில் நிறுத்தக்கூடாது. தகவல் கசிந்தால் தெரிந்த உடனே எங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதலே உத்தரவு இருக்கிறது. வழக்கு வந்தால் செங்கல்பட்டில். இவற்றில் ஒன்றுக்கும் சம்மதிக்காத நிறுவனம் உங்களுக்கு வேண்டாம்.

ஆலோசகருக்கு 1,80,000 கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் பெற்றோருக்குத் திருப்பித் தர வேண்டியதில் பெரும்பகுதி அடைந்துவிடும்.

தாத்தா ஒருவர் 50 நிமிடம் நின்றதாக எழுதியிருந்தீர்கள். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் ஆயா அன்று அவரைச் சரியாகத்தான் நிறுத்தினார், நாற்காலி போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அட்டைகள் எழுதி முடித்த மறுநாள் பெட்டியைத் திறந்து 140 இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நிறுவனம் அனுப்பும் எக்செல் கோப்பிலும் 140 வரிசை இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் வரை, தரவை அழிக்கச் சம்மதம் என்று அவர்களுக்கு எழுதிவிடாதீர்கள்.